தலையணைப் பக்கம் முப்பத்தாறு டிகிரி

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய். மீன் கெடாமல் வைத்திருக்கிற குளிர்க்கிடங்கில் வேலை பார்க்கிறவன் கெட்டுப்போக வழியில்லை. இருமல் விட்டதா? காதைக் கட்டிக்கொண்டுதானே உள்ளே போகிறாய்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ‘ம்’, ‘சரி’, ‘வெச்சிடட்டா’ என்ற மூன்றைத் தவிர நாலாவது வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எனக்கு இப்போது வேண்டியது விவரம். தவிர, இருபது வருஷமாகத் தபால் ஆபீஸில் அடுத்தவர் கடிதத்துக்கு முத்திரை குத்துகிறேன், என் பேருக்கு ஒன்றும் வந்ததில்லை. அந்தக் குறையையும் நீயே தீர்த்துவை.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது மேல்மாடி என்று உனக்குத் தெரியும். தலைக்கு மேல் அரைச் சாண் கான்கிரீட், அதற்கு மேல் நேராகச் சூரியன். உன் அத்தானுக்கு இந்த உஷ்ணம் ஒத்துக்கொள்வதே இல்லை. போன மே மாதம் ரொம்பத் தளர்ந்துபோனார். டாக்டர், “வீட்டைக் குளிர்ச்சியா வெச்சுக்கங்கம்மா, அதுதான் பாதி மருந்து” என்றார். மீதிப் பாதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். முதல் பாதியை எந்தக் கடையில் வாங்குவது?

ஏசி இருக்கிறது. ஆனால் வெயில் ஏறினால் தெரு முழுக்க ஏசி ஓடும், கரண்டு அழுத்தம் குறைந்து எங்களுடையது பன்னிரண்டு மணிக்கு முனகிவிட்டு நின்றுவிடும். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு மேல்தான் உயிர் வரும். வேண்டிய நேரத்தில் இல்லாத ஏசியை வைத்து என்ன செய்ய?

நீ பத்து வருஷமாகக் கிடங்குச் சுவருக்குத் தடுப்புப் பலகை பொருத்துகிறாய். மீனுக்குச் செய்கிறதை உன் அத்தானுக்குச் செய்ய ஒரு வழி சொல். இந்த மே மாதத்துக்குள் ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

காதைக் கட்டு, வேளைக்குச் சாப்பிடு, பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. காதைக் கட்டுகிறேன். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு தேவலையா? கணக்கு வாத்தியார் இப்போதும் வீட்டுச் சுவரில் விரலால் கணக்குப் போடுகிறாரா?

எனக்குக் கடிதம் எழுத வராது. ஆனால் நீ கேட்டது நான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிற விஷயம். யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்கா, வெப்பத்தை யாராலும் நிறுத்த முடியாது. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு அது போயே தீரும். இரும்பு வைத்தாலும் போகும், கல் வைத்தாலும் போகும். நாம் செய்யக்கூடியது ஒன்றுதான், போகிற வேகத்தைக் குறைப்பது. ஒரு பொருள் அதை எவ்வளவு குறைக்கிறதோ அதுதான் அந்தப் பொருளின் வெப்பத் தடை. கனம், அதாவது தடிமன், கூடினால் தடை கூடும். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் இரண்டின் தடையும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவுதான் எங்கள் தொழில்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடுப்புப் பலகையை உடைத்துப் பார்த்தேன். உள்ளே என்ன அதிசயம் இருக்கிறதென்று தேடினேன். ஒன்றுமே இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. பலகையின் வேலை, அந்தக் காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து அசையாமல் வைத்திருப்பது மட்டும். அசையாத காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது. இந்தப் பக்கம் உறைந்த மீன், அந்தப் பக்கம் கொதிக்கிற தார்ச்சாலை, நடுவில் சும்மா நிற்கிற காற்று! அன்றைக்கு நான் மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன். இன்னும் அந்த ஆச்சரியம் எனக்குப் போகவில்லை.

போன மாதம் வெளிச்சுவரில் ஓர் இடத்தில் மட்டும் வியர்த்துச் சொட்டியது. பிரித்துப் பார்த்தால், யாரோ ஒரு முழு நீள இரும்பு ஆணியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அடித்திருக்கிறார்கள். முன்னூறு அடிச் சுவரில் ஒரே ஆணி. அந்த வழியை வெப்பம் கண்டுபிடித்துவிட்டது.

உன் வீட்டில் எது வழி என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு வெப்பமானி வாங்கு. தரை, ஆள் நிற்கும் உயரம், கூரைக்கு அடியில் என்று மூன்று இடத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் குறித்து அனுப்பு. அத்தானைக் கேட்டால் கட்டம் போட்டே கொடுப்பார்.

இருவரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பி,

இருவரும் நலம். தண்ணீர் குடிக்கிறோம். உன் கடிதத்தை உன் அத்தானுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். “பனிக்கரடி பாடமே நடத்துதே” என்றார். இனி உனக்கு அதுதான் பேர்.

குறித்திருக்கிறேன். காலை 9 மணிக்கு 31. பதினொன்றுக்கு 33. ஒன்றுக்கு 35. மூன்றுக்கு 36. ஐந்துக்கு 36½. ஏழுக்கு 36. எல்லாம் தலையணைப் பக்கம் எடுத்தது. மூன்று இடத்தில் எடுக்கச் சொன்னாய், ஓர் இடம்தான் முடிந்தது, கோபிக்காதே.

இந்தக் கணக்கில் ஒன்று எனக்குப் புரியவில்லை. ஏழு மணிக்குச் சூரியன் போய்விட்டது, வெளியே 30தான், உள்ளே மட்டும் ஏன் 36? முக்காலி போட்டு ஏறிக் கூரையைத் தொட்டேன். அடேயப்பா! தோசைக்கல் மாதிரி இல்லை, ஆனால் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை. ஊருக்குச் சூரியன் அஸ்தமித்து முக்கால் மணி நேரம் ஆகிறது, எங்கள் வீட்டுக்குள் அது இன்னும் இறங்கி வந்துகொண்டிருக்கிறது! நாற்பத்து நாலு வயதில் இதை இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறேன்.

மறுநாள் காலையில் உன் அத்தானிடம் சொன்னேன். சுவரில் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “மத்தியானம் ஏறின சூடு கான்கிரீட்டைக் கடந்து கீழே வர நாலஞ்சு மணி நேரம் ஆகுது. நாம சாயங்காலம் அனுபவிக்கிறது மத்தியான வெயில். பாக்கி வெச்சுக் கொடுக்குது” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாளாயிற்று.

கம்பளிக் கையுறை பழசாகியிருக்குமே, வேறு வாங்கினாயா? வாங்கு. சீக்கிரம் பதில் போடு.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கையுறை வாங்கினேன். அத்தான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

உன் எண்களை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். வழி கூரைதான். இப்படிச் செய். இரண்டு அங்குலத் தெர்மோகோல் பலகை வாங்கி, கூரைக்கு உள்பக்கம், இடைவெளி இல்லாமல் ஒட்டச் சொல். அந்த இரண்டு அங்குலத்தின் தடை எவ்வளவு தெரியுமா? ஆறேழு அடிக் கனமுள்ள கான்கிரீட்டுக்குச் சமம். கையில் எடுத்து ஊதினால் பறக்கும். உன் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரக் கான்கிரீட்டைத் தூக்கி வைத்தமாதிரி.

பிறகு ஜன்னல், கதவு, மின்விசிறிக் கம்பி போகும் ஓட்டை எல்லாவற்றையும் பட்டை ஒட்டி அடை. ஒரு சந்து விடாதே. இரவும் பகலும் மூடியே இருக்கட்டும். எங்கள் கிடங்கில் கதவு திறந்தால் மணி அடிக்கும், அவ்வளவு கண்டிப்பு.

ஒன்று கேட்க வேண்டும். பள்ளிக்கூட நாளில் பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் தலையணைப் பக்கம் ஏன் எடுத்தாய்? அத்தான் அப்போது வகுப்பில் இருக்க வேண்டும். நீ முத்திரை குத்திக்கொண்டிருக்க வேண்டும்.

இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பி,

நலமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இரு.

பலகை ஒட்டியாயிற்று! ஒட்டின முதல் நாள் மூன்று மணிக்கு 32. முப்பத்தாறு காட்டிய இடத்தில் முப்பத்திரண்டு. நான் வெப்பமானியை உதறி உதறிப் பார்த்தேன், கெட்டுப்போய்விட்டதோ என்று. வெளியே போய்க் கூரைமேல் நின்றேன், செருப்பு உருகுகிற வெயில். உள்ளே வந்தேன், 32. மறுபடி வெளியே போனேன். மூன்று தரம் போய் வந்தேன். கீழ்வீட்டு அம்மாள், “என்ன தொலைச்சீங்க?” என்று கேட்டாள். சாமான் ஒன்றும் தொலைக்கவில்லை, நாலு டிகிரியைத் தொலைத்திருக்கிறேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். பைத்தியம் என்பாள்.

உன் அத்தான் அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார்.

அதற்கப்புறம் தினம் கொஞ்சம் ஏறுகிறது. இரண்டாம் நாள் 32½, நாலாம் நாள் 33½, நேற்று 34. சின்ன ஏற்றம்தானே? நீ சொன்னபடி எல்லாம் மூடித்தான் இருக்கிறது, அறை கொஞ்சம் புழுங்குகிறது.

தலையணைப் பக்கம் எடுத்ததைக் கேட்டாய். அத்தானுக்கு லீவு நாள், எனக்கும் கொஞ்சம் லீவு பாக்கி இருந்தது. வெப்பமானியை மாட்ட அங்கேதான் ஆணி இருக்கிறது.

ஏற்றத்துக்கு வழி சொல்.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தை எங்கள் கிடங்கு மேஸ்திரியிடம்கூடக் காட்டிப் பீற்றிக்கொள்ள நினைத்தேன், அவர் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார்.

ஏறுகிறது என்றால் எங்கோ சந்து இருக்கிறது. நான் சொன்ன ஆணிக் கதை ஞாபகம் இருக்கிறதா? வெப்பம் வழி கண்டுபிடிக்கும். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிச் சுவரோரமாக மெல்ல நகர்த்து. சுடர் எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. இன்னொரு சுற்றுப் பட்டை ஒட்டு. இறுக்கம்தான் எல்லாம். சுடர் ஆடாமல் நிற்கிற வரை விடாதே.

அத்தான் உட்கார்ந்து பேப்பர் படித்தார் என்று எழுதியிருக்கிறாய். அவர் எப்போதும் உட்கார்ந்துதானே படிப்பார்?

தம்பி


ஏப்ரல் 29

அக்கா,

மூன்று வாரம் ஆயிற்று. நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நேற்று போன் செய்தேன். நீ எடுத்து, ‘ம், சரி, வெச்சிடட்டா’ என்றாய். அது என் பாட்டு, நீ ஏன் பாடுகிறாய்? பின்னால் அத்தான் ஏதோ சொன்னார். அவர் குரல்தான், ஆனால் ஒரு வார்த்தையும் எனக்கு விளங்கவில்லை. தூக்கத்தில் பேசுகிறமாதிரி குழறியது. மணி மாலை நாலு.

நீ ஏன் போன் வேண்டாம், கடிதம் போடு என்றாய் என்று எனக்கு இப்போது புரிகிறது. எதுவானாலும் எழுது.

தம்பி


மே 4

அன்புத் தம்பி,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை.

உன் அத்தான் பள்ளிக்கூட வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. நரம்பு நோய். நம் உடம்பில் ஒவ்வொரு நரம்புக்கும் மேலே ஓர் உறை இருக்கிறதாம், மின்கம்பிக்கு இருக்கிறமாதிரி. அவருக்கு அந்த உறை அங்கங்கே கரைந்துவிட்டது. குளிர்ச்சியாக இருந்தால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேருகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலும் வழியிலேயே நின்றுவிடுகிறது. காலையில் நடப்பார். மதியம் எழுந்திருக்க முடியாது, நாக்குப் புரளாது, கை எங்கே இருக்கிறதென்று கண்ணால் தேடுவார். உடம்பு ஆறினால் மறுபடி எல்லாம் வரும். நாள் முழுக்க இப்படியே இருந்தால்கூட மனசு பழகிவிடும். காலையில் போய்வந்த மனுஷன் மதியம் விழுந்து கிடப்பதைத் தினமும் பார்க்க எனக்குப் பழகவே இல்லை.

“மச்சான்கிட்ட மூச்சு விடாதே, வேலையை உதறிட்டு ஓடி வந்துருவான்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நீ சொன்னபடி மெழுகுவர்த்தி பிடித்தேன். எல்லாச் சந்துகளையும் அடைத்தேன், சுடர் ஆடாமல் நின்றது. ஏப்ரல் பதினாறாம் தேதி காலை ஆறு மணிக்கே உள்ளே 34. மதியம் 36. பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அவர் என்னைக் கூப்பிடாமல் தானே குளியலறைக்குப் போனார், விழுந்தார். நெற்றியில் நாலு தையல். தூக்கி உட்கார வைத்தால், “என் காலு எங்க?” என்று கேட்கிறார். அதுவும் எனக்கு மட்டும்தான் புரியும், அவ்வளவு குழறல்.

எனக்கு வந்ததே கோபம்! உன் மேல், பலகை மேல், எல்லாவற்றின் மேலும். காய் நறுக்கும் கத்தியை எடுத்து ஜன்னல் பட்டையையெல்லாம் கிழித்தேன். சாயங்காலக் காற்று உள்ளே வந்தது. அப்போது நான் கண்டதைக் கேள். காற்று வர வர அவர் வார்த்தை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் என் பேர். பிறகு ‘தண்ணி’. ஒரு மணி நேரத்தில், “மணி என்ன, அழாதே” என்று முழு வாக்கியம். நான் ஜன்னலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் என்ன தப்பு செய்தோம் தம்பி?

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிடங்குக்குள் வைத்துப் படித்தேன். அழுதால் கண்ணோரம் உறையும் என்று அங்கே யாரும் அழுவதில்லை. நான் அழுதேன்.

தப்பு நான் செய்தது. மேஸ்திரி திரும்பி வந்திருக்கிறார். உன் கணக்கை அவரிடம் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தலையில் குட்டினார்.

“டேய், கிடங்குல இருக்கறது செத்த மீன்டா. அது மூச்சு விடுதா, அடுப்பு பத்த வைக்குதா, கோவப்படுதா? உங்கக்கா வீட்ல உயிரோட ரெண்டு பேரு இருக்காங்க. சும்மா இருந்தாலும் ஒவ்வொரு ஆளும் ஒரு நூறு வாட்டு பல்பு. அடுப்பு இருக்கு, ஃபிரிட்ஜ் இருக்கு, மேற்குச் சுவரு வெயில்ல கிடக்கு. சூட்டை உள்ள விடாம தடுத்தே, சரி. உள்ள இருக்கற சூடு எந்த வழியா வெளிய போகும்? எல்லாத்தையும் ஒட்டிட்டியே! வீடு கட்டச் சொன்னா மீன் பெட்டி கட்டியிருக்கே.”

பத்து வருஷத்தில் நான் உயிருள்ளவர்களுக்கு ஒரு சுவர்கூடப் போட்டதில்லை அக்கா. அது எனக்குத் தோன்றவே இல்லை. தடை எந்தப் பக்கமும் பார்க்காது. வருகிற வெப்பத்தைத் தடுக்கிற அதே பலகை போகிற வெப்பத்தையும் தடுக்கும். தினமும் அரை டிகிரி ஏறியது சந்தினால் இல்லை. உங்கள் இருவர் உடம்புச் சூடும் அடுப்புச் சூடும் போக இடமில்லாமல் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. நான் அத்தானை அவருடைய சூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறேன்.

நான் வருகிறேன். மேஸ்திரி லீவும் கொடுத்து, கிடங்குக்குப் போடும் கெட்டிப் பலகையையும் லாரியில் ஏற்றிவிட்டார். வேலையை விட்டுவிட்டு இல்லை, பன்னிரண்டு நாள்தான் என்று அத்தானிடம் சொல். அதுவரை இன்னொரு வெப்பமானி வாங்கி ஜன்னலுக்கு வெளியே நிழலில் மாட்டு. வெளியே உள்ளேயைவிடக் குறைந்தால் எல்லாவற்றையும் திற. கூடினால் மூடு. வேறு விதி இல்லை.

அத்தானின் தையல் ஆறியதா? அவரை நான் எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

தம்பி


மே 27

அன்புத் தம்பி,

நல்லபடி போய்ச் சேர்ந்தாயா? முதுகுத்தோல் உரிந்ததற்கு எண்ணெய் தடவினாயா? பனிக்கரடியை வெயிலில் பன்னிரண்டு நாள் காயப்போட்டதற்கு உன் மேஸ்திரி என்னை ஏசியிருப்பார்.

நீ வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றதும் உன் அத்தான், “மச்சான், என்னை எந்த மீன்னு நினைச்சு அடைச்சே? அதை மட்டும் சொல்லிட்டு உள்ள வா” என்றாரே, அதை நினைத்து இன்னும் சிரிக்கிறேன். அதற்கப்புறம்தான் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தீர்கள்.

நீ கேட்டபடி விவரம். உள்கூரைப் பலகையைப் பிரித்தபோது இருந்ததும் போகிறதே என்று உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். “பலகை கான்கிரீட்டுக்கு மேல இருக்கணும்க்கா, அப்பதான் கான்கிரீட்டு நம்ம கட்சி” என்று நீ சொன்னது அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. மொட்டை மாடியில் நீ ஒரு வரிசைப் பலகையின் இணைப்பு அடுத்த வரிசை இணைப்பின்மேல் விழாமல் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே வெள்ளை ஓடு பதித்ததும் வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது. மேற்குச் சுவருக்குக் கை அகலம் தள்ளி நீ கட்டிய மூங்கில் தட்டியும் நிற்கிறது. இரவெல்லாம் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை, கரண்டு நன்றாக இருக்கிறபோது, ஏசி. எட்டு மணிக்கு எல்லாம் மூடல். காலைக் குளிர்ச்சியைக் கூரையும் சுவரும் குடித்து வைத்துக்கொள்கின்றன. பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கின்றன. எட்டு வருஷம் எங்களை வாட்டிய அதே கூரை தம்பி! அதைத் திட்டாத நாளில்லை. இப்போது காலையில் அண்ணாந்து பார்த்துக் கும்பிடலாமா என்றிருக்கிறது.

நேற்று மூன்று மணிக்கு 29½. வெளியே 40. இன்று இரண்டு மணிக்கு அவர் மேசை வரை நடந்தார், பதினோரு அடி. நான் எண்ணினேன். அவரும் எண்ணினாராம்.

நன்றி என்று உனக்கு எழுதினால் சண்டைக்கு வருவாய். எண்ணெய் தடவு.

அக்கா


மே 31

மச்சானுக்கு,

உடம்பு எப்படி? அக்கா கேட்கிற கேள்வியெல்லாம் நானும் கேட்டதாக வைத்துக்கொள். இது என் கையெழுத்துதான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் எழுதுகிறேன், வரி மேலும் கீழும் போகும், மார்க் குறைக்காதே. மணி மதியம் மூன்று இருபது. வெளியே 41, உள்ளே 29. மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நோய் போகவில்லை. அதை நீயும் நம்பிவிடக் கூடாது. கரைந்த உறை கரைந்ததுதான், அதற்கு உன் கிடங்கிலும் பலகை கிடையாது. வெயில் மட்டும்தான் போயிருக்கிறது. ஆனால் அது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது எவ்வளவு என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. காலை ஆறு மணியிலிருந்து பத்து வரைதான் நான் ஒரு ஆளாக இருந்தேன். இப்போது மாலை வரை இருக்கிறேன். ஒரு நாளில் எட்டு மணி நேரத்தை யாரோ கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனமாதிரி இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், கனத்தைக் கடத்துதிறனால் வகுத்தால் தடை என்று ஒரு வரியில் எழுதிப் போடுவேன். அந்த வரி ஒரு மனுஷனைத் தூக்கி நிறுத்தும் என்று எனக்குத் தெரியாது.

உன் அக்கா உனக்கு எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். பதினொரு மணிக்கு அவள் தலையணைப் பக்கம் என்ன செய்கிறாள் என்று நீ கேட்டாய். ஆணியைக் காரணம் காட்டினாள். இரண்டு கோடையாகக் கட்டில் ஓரம் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். ஈரத்துணியை என் கழுத்திலும் மணிக்கட்டிலும் சுற்றுவாள். கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். நனைத்துப் பிழிந்து மறுபடி சுற்றுவாள். பத்து மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரை. அதற்காகத்தான் சம்பளமில்லாத லீவு போட்டாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. நான் விழுந்த அன்று, உட்கார்ந்தபடியே பத்து நிமிஷம் கண் அயர்ந்துவிட்டாள். அதற்காக இன்று வரை அவள் தன்னை மன்னிக்கவில்லை. உனக்கு எழுதின கடிதத்தில் அந்தப் பத்து நிமிஷம் இருந்திருக்காது.

இன்று இரண்டு மணிக்குப் பழக்கத்தில் துணியைச் சுற்றினாள். வெறும் தரையில் தலையை வைத்தாள், அப்படியே தூங்கிவிட்டாள். இரண்டே காலுக்குத் துணி காய்ந்தது. கையை நீட்டி வைத்துக்கொண்டு எப்போது நடுங்கும் என்று பார்த்திருந்தேன். நடுங்கவில்லை. மூன்றும் ஆயிற்று, நடுங்கவில்லை. எழுந்து வந்து, சத்தம் போடாமல் நாற்காலியை இழுத்து, உனக்கு எழுத ஆரம்பித்தேன்.

துணி காய்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். நான் எழுப்பவில்லை மச்சான்.

உன் அத்தான்